‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?
வாசகர் கேள்வி – பதில்

சமையற்கலை மாணவர்களுக்கு நோட்டிலும் வகுப்பு வலைப்பதிவிலும் எழுத்துப் பயிற்சி தருவது பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மாணவர்கள் அடுப்பு முன்னால் நின்றால் கெட்டிக்காரர்கள். எழுதச் சொன்னால் மட்டும் கரும்பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்கிவைக்கிறார்கள். பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? ‘எனக்குப் பிடித்த உணவு’ மாதிரி ஒரு கட்டுரை கொடுக்கலாமா? — ஓர் ஆசிரியர்

கட்டுரை வேண்டாம். அதைக் கொடுத்தால் ‘அருமையான’, ‘சுவைமிகுந்த’, ‘நாவில் எச்சில் ஊறும்’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் நிரப்பிவிடுவார்கள். சமையல்காரரின் எழுத்துக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. அதைப் படித்து இன்னொருவர் செய்தால், எழுதியவர் செய்தது போலவே வர வேண்டும். முதல் வகுப்பிலேயே இந்தப் பரீட்சையை வைத்துவிடுங்கள்.

மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். முதலாமவர் 20 நிமிடத்தில், 200 சொற்களுக்குள் ஒரு செய்முறை எழுதட்டும். இரண்டாமவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் செய்யட்டும். கேள்வி கேட்கக் கூடாது. எழுதியவர் பக்கத்திலேயே நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. செய்பவரின் கை எங்கெல்லாம் தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைத் தாளில் கோடிட்டுக்கொண்டே வர வேண்டும். பிறகு 20 நிமிடம், கோடிட்ட இடங்களை மட்டும் திருத்தி எழுத.

எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இந்தப் பயிற்சி வெற்றி பெறுவதும் வீணாவதும். இருவருக்கும் தெரிந்த பண்டமாக இருந்தால், தாளில் விட்டுப்போனதைச் செய்பவர் தன் கைப்பழக்கத்தால் நிரப்பிவிடுவார். தவறு வெளியே தெரியாது. எழுத்துப் பிழை உடனே பாத்திரத்தில் தெரிகிற பண்டம் வேண்டும். மயோனைஸ் இதற்கு மிகப் பொருத்தம். ஒரு மஞ்சள்கரு (சுமார் 18 கிராம்), எண்ணெய் 150 மி.லி., வினிகர் 15 மி.லி., கடுகு விழுது 5 கிராம், உப்பு 2 கிராம். ‘எண்ணெயைச் சேர்த்து அடிக்கவும்’ என்று எழுதியவரின் கிண்ணத்தில் எண்ணெய் தனி, கரு தனியாகப் பிரிந்து நிற்கும். ‘மஞ்சள்கருவையும் வினிகரையும் முதலில் ஒன்றாக அடிக்கவும். எண்ணெயில் முதல் 2 டேபிள்ஸ்பூனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முழுதாகக் கலந்த பிறகே அடுத்ததை விடவும். கலவை கெட்டிப்பட்ட பின் மீதியை நூல் போல ஊற்றலாம்’ என்று எழுதியவரின் கிண்ணம் சேர்ந்து வரும். தொடக்கத்தில் எண்ணெய் வேகமாக விழுந்தால் அதைச் சிறு துளிகளாக உடைக்க முடியாமல் போகிறது, அதனால்தான் பிரிகிறது. இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் அந்தப் படியைத் தாண்டிப் போகமாட்டார். பிரிந்துவிட்டால் மீட்கும் வழியும் தாளில் இருக்கட்டும்: சுத்தமான கிண்ணத்தில் புது மஞ்சள்கரு ஒன்றை எடுத்து, பிரிந்த கலவையை அதில் சிறிது சிறிதாக விட்டு அடிக்க வேண்டும்.

பச்சை முட்டை என்பதால் ருசி பார்ப்பதாக இருந்தால் பாஸ்டரைஸ் செய்த (கிருமி போக மிதமாகச் சூடாக்கிய) கருவையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: நோட்டுப் புத்தகம் இருக்கும்போது வலைப்பதிவு எதற்கு? புதுமை என்ற பெயரில் இன்னொரு வேலைதானே? — துறைத் தலைவர் ஒருவர்

நோட்டுக்கு ஒரே வாசகர் ஆசிரியர். அவருக்கு அந்தப் பண்டம் ஏற்கெனவே தெரியும். தெரிந்தவருக்கு எழுதும்போது யாரும் விளக்கமாட்டார்கள். வலைப்பதிவில் கிடைப்பது தெரியாத வாசகர், அவ்வளவுதான் அதன் பயன். வேறு யாரும் படிக்காத வலைப்பதிவு நோட்டைவிட மோசம், ஏனென்றால் அதற்குக் கடவுச்சொல் வேறு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்கச் சொல்லாதீர்கள். 30 முகவரிகளை ஓர் ஆசிரியர் தொடர்ந்து படிக்க முடியாது. ஒரு மாதத்தில் பாதி கைவிடப்படும். வகுப்புக்கு ஒன்றே போதும், எல்லோரும் அதில் எழுத்தாளர்கள். 30 பேரை ஐந்தைந்து பேராக 6 குழுக்களாக்குங்கள். ஒரு வாரம் இரண்டு குழுக்கள் எழுதும், இரண்டு குழுக்கள் அந்த இடுகைகளை வைத்துச் சமைத்துப் பார்க்கும், இரண்டு குழுக்கள் அளவு, வெப்பநிலை, எழுத்துப்பிழை சரிபார்க்கும். மூன்று வாரத்தில் எல்லோரும் எல்லா வேலையும் செய்துவிடுவார்கள். ஆசிரியர் படிக்க வேண்டியது வாரத்துக்குப் பத்து இடுகை. சமைத்துப் பார்த்தவர் ‘வந்தது’ என்று சொல்லும்வரை இடுகை வரைவாகவே இருக்கட்டும். முதல் பருவம் முழுக்க, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டிவைப்பது நல்லது. இல்லையேல், ஊர் பார்க்கிறது என்ற பயத்தில் மாணவர்கள் தெரிந்ததை மட்டுமே எழுதுவார்கள்.

பின்னூட்டத்துக்கும் விதி வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’ இரண்டையும் தடை செய்துவிடுங்கள். சமைத்துப் பார்த்தவர் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த வரியில் நின்றேன், அங்கே நானாக என்ன முடிவெடுத்தேன், கடைசியில் எனக்கு என்ன வந்தது. உதாரணமாக, ‘மூன்றாம் படியில் மூடி போட வேண்டுமா என்று இல்லை. போட்டேன். 25 நிமிடத்துக்குப் பிறகும் சாஸ் தண்ணீராக இருந்தது.’ இப்படி ஒரு பின்னூட்டம், ஆசிரியரின் சிவப்பு மையைவிட அதிகம் திருத்தும்.

கேள்வி: ‘உப்பு தேவையான அளவு’, ‘பொன்னிறமாக வதக்கவும்’ என்றுதான் எல்லாச் சமையல் புத்தகத்திலும் இருக்கிறது. நான் அப்படி எழுதினால் மட்டும் ஏன் மதிப்பெண் குறைகிறது? — இரண்டாம் ஆண்டு மாணவர்

வீட்டுச் சமையலுக்கு எழுதுபவர், வாசகர் ருசி பார்த்துச் சரிசெய்துகொள்வார் என்று நம்பி எழுதுகிறார். தொழில்முறைச் சமையலறையில் காலை ஷிப்டில் ஒருவர், மாலையில் இன்னொருவர். இரண்டு நேரமும் ஒரே ருசி வர வேண்டும். அங்கே ‘தேவையான அளவு’ என்பது யாருக்குத் தேவையான அளவு?

உப்பைக் கிராமில் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். அதே டீஸ்பூனில் லேசான செதில் உப்பு எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஒரு லிட்டர் சூப்புக்கு 8 கிராம் என்று தொடங்கி, ‘கடைசியில் ருசி பார்த்து 2 கிராம் வரை கூட்டலாம்’ என்று எல்லையையும் சொல்லிவிட்டால், ருசி பார்ப்பவருக்கும் இடம் இருக்கிறது, எழுத்தும் தெளிவாக இருக்கிறது. கப் அளவை முடிந்தவரை தவிருங்கள். ஒரு கப் மைதாவைத் தளர்வாகக் கரண்டியால் நிரப்பினால் 120 கிராம் இருக்கும், பையில் கப்பை விட்டு அள்ளினால் 150 வரை போகும். கப்பே ஓரிடத்தில் 240 மி.லி., இன்னோரிடத்தில் 250. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மி.லி., ஆனால் ஆஸ்திரேலியாவில் 20. கேக் ஏன் கல்லாக வந்தது என்று தேடிப்போனால் பல நேரம் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

‘பொன்னிறம்’ விஷயத்துக்கு வருவோம். அந்தச் சொல்லில் குற்றமில்லை. அதைத் தனியாக விட்டதுதான் குற்றம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது பெருமளவு ஆவியாகும்வரை சட்டியில் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நிறம் மாறாது. அரை கிலோ வெங்காயம் மிதமான தீயில் கண்ணாடி போல ஆக 6 முதல் 8 நிமிடம், இளம் பொன்னிறத்துக்கு 15 முதல் 20, ஆழ்ந்த பழுப்புக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ‘5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்று எழுதும் செய்முறைகள் ஏராளம். எழுதியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் அதிலிருந்து தெரிகிறது. நேரம், கண்ணில் படும் அடையாளம், முடிந்தால் வெப்பநிலை என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: ‘மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம், ஓரங்கள் பொன்னிறமாகி, சலசலப்புச் சத்தம் அடங்கும்வரை.’ நேரமும் அடையாளமும் முரண்பட்டால் வாசகர் அடையாளத்தை நம்ப வேண்டும். அதையும் முதல் இடுகையிலேயே சொல்லிவிடுங்கள்.

சாஸை வற்றவைக்கும் இடத்தில் சட்டியின் விட்டத்தை எழுத மறக்காதீர்கள். 28 செ.மீ. அகலச் சட்டியில் 8 நிமிடத்தில் வற்றுவது 18 செ.மீ. சட்டியில் இருபதைத் தொடும். ‘600 மி.லி. இருந்தது 300 ஆகும்வரை’ என்று எழுதினால் எந்தச் சட்டிக்கும் பொருந்தும்.

கேள்வி: அளவெல்லாம் சரியாக எழுதுகிறார்கள். ஆனாலும் படித்துச் செய்பவர்கள் குழம்புகிறார்கள். வாக்கியத்தில் என்ன கோளாறு?

நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஒரு வாக்கியம்: ‘வெங்காயத்தை நறுக்கி, எண்ணெய் காயவைத்து, வதக்கி, மாவு தூவி, பாலை ஊற்றி, கிளறி, கொதிக்கவிட்டு இறக்கவும்.’ ஏழு வினையெச்சம், ஒரு முற்று. நம் மொழி இப்படிக் கோத்துக்கொண்டே போக அனுமதிக்கும், காதுக்கும் இனிமை. ஆனால் ஒவ்வொரு ‘இ’க்கும் ‘து’க்கும் இடையில் எத்தனை நிமிடம் என்பது மறைந்துபோகிறது. மாவு தூவிய பிறகு 2 நிமிடம் வறுக்காவிட்டால் சாஸில் பச்சை மாவு வாசனை அடிக்கும். பாலை மூன்று நான்கு தவணையாக ஊற்றாவிட்டால் கட்டி விழும். அந்த இரண்டு செய்திக்கும் இந்த வாக்கியத்தில் உட்கார இடமே இல்லை.

ஒரு முற்றுக்கு முன்னால் இரண்டு எச்சத்துக்கு மேல் வேண்டாம். காத்திருக்க வேண்டிய இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். கூடவே, ‘முன்பே ஊறவைத்த’, ‘முன்சூடு செய்த ஓவன்’ போன்றவை எட்டாவது படியில் திடீரென்று வரக் கூடாது. செய்முறையின் தலைப்புக்குக் கீழேயே, மொத்த நேரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருள் பட்டியல் பயன்படுத்தும் வரிசையில் இருக்கட்டும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் போகிறது என்றால் ‘வெண்ணெய் 80 கிராம் (50 + 30)’ என்று பட்டியலிலேயே பிரித்துக் காட்டுங்கள். இல்லையேல் முதல் படியிலேயே எண்பதும் போய்விடும்.

‘200 கிராம் தோலுரித்த உருளைக்கிழங்கு’, ‘200 கிராம் உருளைக்கிழங்கு, தோலுரித்தது’ இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் உரித்த பிறகு எடை, இரண்டாவதில் உரிக்கும் முன் எடை. வகுப்பில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: நான்கு பேருக்கான செய்முறையை நாற்பது பேருக்கு எழுதும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் போதுமா?

பெரும்பாலான எடைகளைப் பெருக்கலாம், நேரத்தைப் பெருக்கக் கூடாது. பெரிய அண்டாவில் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, அதனால் ஒரு லிட்டருக்கு ஆவியாவதும் குறைவு. பத்து மடங்கு தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப் போகும். முதலில் எட்டு மடங்கு ஊற்றி, மீதியை நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். காரமும் கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களும் அப்படியே. குறைத்துத் தொடங்கி ருசி பார்த்துக் கூட்ட வேண்டும்.

ரொட்டி வகைகளுக்குச் சதவீதத்தில் எழுதுவதே வழக்கம். மாவின் எடை எப்போதும் 100, மற்றவை அதோடு ஒப்பிட்டு. தண்ணீர் 65, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 என்றால் மொத்தம் 168. தலா 60 கிராம் உருண்டையாக 60 பன் வேண்டும், அதாவது 3600 கிராம் மாவுக்கலவை. 3600-ஐ 1.68-ஆல் வகுத்தால் மாவு 2143 கிராம். தண்ணீர் 1393, உப்பு 43, ஈஸ்ட் 21. கூட்டிப் பார்த்தால் 3600 வர வேண்டும். வராவிட்டால் இடுகையை வெளியிடாதீர்கள்.

கேள்வி: செய்முறை சரி, வருணனை? ‘சுவையாக இருந்தது’ என்பதைத் தாண்டி அவர்களுக்கு வார்த்தையே வரவில்லை. — மொழி ஆசிரியர்

வார்த்தைப் பஞ்சமில்லை, கவனப் பஞ்சம். ஒரே ஒரு பண்டத்தைக் கொடுத்து வருணிக்கச் சொன்னால் யாருக்கும் வராது. இரண்டைக் கொடுங்கள்: இப்போது வெட்டிய ஆப்பிள் துண்டும் அரை மணி நேரம் முன் வெட்டியதும், வாட்டாத தக்காளிப்பழமும் ஓவனில் வாட்டியதும். வித்தியாசத்தை மட்டும் மூன்று வாக்கியத்தில் எழுத வேண்டும். முதல் கடி, மெல்லும்போது, விழுங்கிய பின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்.

சுவையையும் மணத்தையும் பிரித்தறிய ஒரு சுலப வழி உண்டு. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பழச்சுவை மிட்டாய் ஒன்றை மெல்லச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்தவுடன் எந்தப் பழம் என்பது தெரியும். நாவுக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றின் ஆழ்ந்த சுவை). மற்றதெல்லாம் பெரும்பாலும் மூக்கின் வேலை. காரமும் துவர்ப்பும் தொடுவுணர்வோடு சேர்ந்தவை. துவர்ப்பில் டானின் என்ற வேதிப்பொருள் எச்சில் புரதத்தோடு சேர்ந்து வாயை உலரவைக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் ‘ஒரு மாதிரி இருந்தது’ என்று எழுதமாட்டார். கடிக்கும் உணர்வுக்கு மொறுமொறு, நறநற, கொழகொழ, வழவழ, பிசுபிசு என்று பேச்சிலேயே ஏராளம் கிடக்கிறது. எழுத்தில் கொச்சை என்று தள்ளிவிடாதீர்கள், இவற்றைவிடத் துல்லியமான சொற்கள் அகராதியில் கிடைப்பது கடினம்.

கேள்வி: இணையத்திலிருந்தும் செயற்கை நுண்ணறிவிடமிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். எப்படித் தடுப்பது?

துரத்திப் பிடிப்பதைவிட, ஒட்ட முடியாத கேள்வியைக் கேளுங்கள். சமைக்கும் முன் எடை, சமைத்த பின் எடை, பயன்படுத்திய சட்டியின் விட்டம், அடையாளம் தெரிந்த நிமிடம், நடுப்பகுதியின் வெப்பநிலை. ‘1200 கிராம் கோழி, வெந்த பின் 910’ என்ற எண் அந்த மாணவரின் தராசில் மட்டுமே இருக்கிறது. பட்டியலைப் பிறரிடமிருந்து எடுத்தால் ‘இன்னாரின் செய்முறையைத் தழுவியது’ என்று எழுதட்டும். அமெரிக்கச் சட்டப்படி வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் விளக்கி எழுதிய நடைக்கும் படத்துக்கும் உண்டு. படத்தை எடுத்துப் போடுவதை முழுதாகத் தடை செய்யுங்கள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

இருபதுக்கு என்றால், படித்துச் செய்தால் வருகிறதா என்பதற்கு 10, அளவும் வெப்பநிலையும் 4, பாதுகாப்பு 3, மொழி 3. மொழிக்கு மூன்றுதானா என்று கோபப்படாதீர்கள். மொழி சரியில்லாவிட்டால் முதல் பத்திலேயே விழுந்துவிடும். ஓர் இடுகையில் மூன்று பிழைக்கு மேல் சுட்ட வேண்டாம். எதை முதலில் சுட்டுவது என்றால், சாப்பாட்டைக் கெடுக்கும் பிழையை: டீஸ்பூன் டேபிள்ஸ்பூனாக மாறியது, 1.5-இல் புள்ளி விழுந்து 15 ஆனது. ஒற்று மிகுந்ததா என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

பாதுகாப்புக்கு உள்ள மூன்றையும் கறாராகப் போடுங்கள். கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் என்று எழுத்தில் இருக்க வேண்டும். மீந்ததை ஆறவைக்கும் முறையும் வேண்டும். அமெரிக்க உணவு விதியில் 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், பிறகு 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் என்று இருக்கிறது. ஒவ்வாமைப் பொருள்களைத் தனி வரியில் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 14 வகைகளைக் குறிப்பிடச் சொல்கிறது. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9. ‘எண்ணெய்’ என்று மொட்டையாக எழுதினால் அது எள்ளா, நிலக்கடலையா என்று தெரியாது. அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

கேள்வி: எழுத்து என்றாலே மிரளும் மாணவர்களுக்கு?

பேசவிடுங்கள். சமைத்துக்கொண்டே செய்வதை வாயால் சொல்லி, போனில் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு எழுதட்டும். ‘இப்போ நுரை அடங்குது, வாசனை மாறிடுச்சு’ என்று பேச்சில் வந்துவிழும் அடையாளங்கள், நேராக எழுத உட்கார்ந்தால் வருவதில்லை. பேச்சு நடையைத் திருத்துவது இரண்டாவது நாள் வேலை.

கேள்வி: கெட்டுப்போனதையும் வலைப்பதிவில் போடலாமா? கல்லூரிப் பெயர் கெடாதா?

போடலாம், போட வேண்டும். ஆனால் புலம்பலாக இல்லாமல் நான்கு செய்தியோடு: என்ன வர வேண்டியிருந்தது, என்ன வந்தது, எந்தப் படியில், அடுத்த முறை மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். பால் 500 மி.லி., 5 மஞ்சள்கரு, சர்க்கரை 100 கிராம் வைத்துக் காய்ச்சும் கஸ்டர்ட் சாஸ் 82 முதல் 84 டிகிரியில் கரண்டியின் பின்புறம் படியும். 85-ஐத் தாண்டினால் கரு திரியத் தொடங்கும். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் சூட்டில் ஓரிரு டிகிரி ஏறும் என்பதை எழுதாமல் விட்டவர்கள்தான் அதிகம். எனவே மாற்றம்: ‘82-இல் இறக்கி, உடனே குளிர்ந்த கிண்ணத்தில் வடிகட்டவும்.’

தலைப்பில் ‘என் தோல்வி’ என்று போட வேண்டாம். ‘திரிந்த கஸ்டர்ட் சாஸ்: 88 டிகிரி வரை போனது’ என்று போடுங்கள். அதே சிக்கலோடு தேடி வருபவருக்கு அந்த எண்தான் வேண்டும்.